கணக்கேட்டில் பெயர் கெடாமல் காப்பது எப்படி?

கூட்டுறவுக்குக் கணக்கே அஸ்திவாரம். அந்தக் கணக்கில் தொகைக்கு எவ்வளவு மதிப்பு உண்டோ, பெயருக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு. எத்தனை கிலோ மிளகு வந்தது என்று மட்டும் எழுதிவிட்டு, யாருடைய மிளகு, எந்த ஊர் மிளகு என்று எழுதாமல் விட்டால் அதனால் எவருக்கும் பயன் இல்லை.

இன்று நமது சங்கங்களின் ஏடுகள் பெரும்பாலும் கணினியில் ஏறிவிட்டன. கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றான எடப்புளி நாட்டின் சாமை, தினை, மிளகு, காப்பி விவரங்களாயினும், சமவெளியில் நம் நெசவாள அங்கத்தினர்களின் நூல், சேலைக் கணக்காயினும், அவை புள்ளிவிவர மென்பொருளில் சேர்க்கப்பட்டு, ஊர்வாரியாகவும் பயிர்வாரியாகவும் பிரித்துக் கூட்டப்படுகின்றன. எந்த ஊருக்கு எவ்வளவு விதை, எவருக்கு எவ்வளவு பங்கு என்பது அந்தக் கூட்டலைக் கொண்டே முடிவாகும். அவ்வாறு சேர்க்கும்போது தமிழ்ப் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைவதுண்டு. இது ஏன் நேர்கிறது, எவ்வாறு சீர்செய்வது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிந்திருப்பது நலம்.

சிதைவு ஏன் நேர்கிறது?

கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வைத்துச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று கூறும் அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர். ஒரு குறியாக்கத்தில் எழுதியதை வேறொன்றைக் கொண்டு படித்தால் எழுத்து மாறிவிடும். ஜக்கார்டு தறியில் ஓர் அமைப்புக்கென வெட்டிய அட்டையை வேறு அமைப்புள்ள தறியில் பூட்டினால் என்ன ஆகும்? அட்டையில் துளை ஒன்றும் கெடவில்லை. ஆயினும் சேலையில் கொடி வரவேண்டிய இடத்தில் குழப்பம் வரும்.

தமிழுக்கு இத்தகைய அட்டவணைகள் பல இருந்தன. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனி ஏற்பாடு கொண்டிருந்தன. 1999-இல் தமிழ்நாடு அரசு ‘டாப்’, ‘டாம்’ என்னும் இரு குறியாக்கங்களை அங்கீகரித்தது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு உலக மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அட்டவணையாகும். அதில் தமிழுக்கும் இடம் உண்டு. 2010-இல் தமிழக அரசு அதனையே ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் பழைய குறியாக்கத்திலேயே கிடக்கின்றன.

இங்கே ஒரு முக்கிய விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுக்கு இவ்வட்டவணைகளில் ஒரே இடம்தான். ஆகவே கிலோவும் ரூபாயும் சிதையாமல் வந்து சேரும். பெயர்கள் மட்டும் கெடும். மொத்தத் தொகை சரியாக இருப்பதைக் கண்டு கணக்கர் திருப்தி அடைந்துவிடுவார். ஆனால் ஊர்வாரிப் பட்டியலில் ஓர் ஊர் குறைந்திருக்கும். இல்லாத ஊர் ஒன்று முளைத்திருக்கும். உழைத்தவரின் விளைச்சல் அவர் பெயரில் சேராது போகும்.

அடையாளங்களும் பரிகாரமும்

முதலாவது, தலையில் சாய்கோடிட்ட ரோமன் ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் அடங்கிய ‘ஆர்’ குறியும் மாறி மாறி வருதல். இது அஞ்சத்தக்கதன்று. யூனிகோடைச் சேமிக்கும் முறைகளுள் ஒன்றான யு.டி.எப்-8-இல் உள்ள கோப்பை, மேனாட்டு எழுத்துக்குரிய அட்டவணையால் படித்ததன் விளைவே இது. எக்செலில் கோப்பை நேரே தட்டித் திறவாமல், ‘டேட்டா’ பகுதி வழியே இறக்குமதி செய்து, கோப்பின் மூலம் ‘65001 யூனிகோடு’ எனத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஆர்’ மென்பொருளில் கோப்பைப் படிக்கும் கட்டளையிலேயே குறியாக்கத்தின் பெயரைத் தரலாம். விண்டோசில் 2022-இல் வந்த 4.2 பதிப்பு முதல் அம்மென்பொருள் யு.டி.எப்-8-ஐயே இயல்பாகக் கொள்கிறது. ஸ்டேட்டாவில் 2015-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதல் யூனிகோடு வசதி உண்டு.

இரண்டாவது, ரோமன் எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் பொருளின்றிக் கலந்து வருதல். இது பழைய எழுத்துருவின் அடையாளம். பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படுகிறது. இங்கு இறக்குமதியில் எந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்தாலும் பயனில்லை. எழுத்துருவின் பெயரை அறிந்து, அதற்குரிய எழுத்துமாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றவேண்டும். இன்னும் ஓர் ஆபத்து உண்டு. பாமினியில் ‘இ’ என்னும் எழுத்துக்குக் காற்புள்ளியே குறி. காற்புள்ளியால் கட்டம் பிரிக்கும் கோப்பில் ‘இஞ்சி’ என்னும் சொல் மேற்கோள் குறிக்குள் அடைபடாமல் நின்றால், அந்த வரிசை முழுவதும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும்; பெயர் மட்டுமன்றித் தொகையும் இடம் மாறும். ஆகையால் முதலில் பெயர்க்கட்டங்களை யூனிகோடாக்கி, அதன் பின்னரே கோப்பை அனுப்புதல் வேண்டும்.

மூன்றாவது, பெயரின் இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்றல். தமிழ் எழுத்துக்கே இடமில்லாத அட்டவணையில் யாரோ கோப்பைச் சேமித்துவிட்டனர் என்பது இதன் பொருள். எல்லா எழுத்தும் ஒரே குறியாகிவிட்டமையால் மீட்க வழியில்லை. மூலக் கோப்புக்கோ, கையெழுத்துப் பேரேட்டுக்கோதான் திரும்ப வேண்டும்.

நான்காவது, வெற்றுக் கட்டங்களாகத் தெரிதல். பெரும்பாலும் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே காரணம்; தரவுக்குக் கேடில்லை.

ஐந்தாவது மிக நுட்பமானது. பெயர்கள் சரியாகவே தெரியும். ஆனால் ‘கொள்ளு’ என்னும் ஒரே பயிர் பட்டியலில் இரு முறை வரும். யூனிகோடில் ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருளுக்கு வேறு வேறு. ‘சோளம்’, ‘கொல்லிமலை’ ஆகியவற்றுக்கும் இதே கதிதான். இரண்டையும் ஒருமைப்படுத்தும் ‘என்.எப்.சி.’ என்னும் முறையைக் கையாண்டு, சொல்லின் கடைசியில் ஒட்டிய வெற்றிடங்களையும் நீக்கினால் பிரிந்தவை ஒன்றாகும்.

பெயர்க்கட்டத்தின் அகலமும் கவனிக்கத்தக்கது. ‘எடப்புளி’ ஏட்டில் 5 எழுத்து, யூனிகோடில் 8 குறி, யு.டி.எப்-8-இல் குறி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் 24 பைட்டு. ‘எடப்புளி நாடு’ என்று எழுதினால் இடைவெளியுடன் 37. அகலத்தைப் பைட்டில் அளக்கும் மென்பொருளில் 20 என்று குறித்துவிட்டால் பெயரின் வால் அறுபடும்.

நாம் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தவறான அட்டவணையால் படிப்பதனால் மட்டும் கோப்பு கெடுவதில்லை; சிதைந்த தோற்றத்தை அப்படியே மூலத்தின் மேல் சேமிக்கும்போதுதான் கேடு நிலைத்துவிடுகிறது. ஆகவே, எழுத்து சிதைந்து தெரிந்தால் சேமியாமல் மூடிவிடுக. மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் தொடாமல் தனியே வைத்திடுக. கோப்பை அனுப்பும்போது அது எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்று ஒரு வரி எழுதி உடன் அனுப்புக. எக்செலில் சேமிக்கையில் காற்புள்ளிக் கோப்பு வகைகளுள் ‘யு.டி.எப்-8’ என்று குறித்ததையே தேர்ந்திடுக.

இறக்குமதி முடிந்ததும் மொத்தத் தொகையோடு நின்றுவிடலாகாது. எத்தனை ஊர்கள், எத்தனை பயிர்கள், எத்தனை அங்கத்தினர்கள் என்று எண்ணிப் பேரேட்டுடன் ஒப்புநோக்க வேண்டும். எண்ணிக்கை கூடினால் ஒரு பெயர் இரண்டாகப் பிரிந்திருக்கலாம். குறைந்தால் பல பெயர்கள் கேள்விக்குறிகளாகி ஒன்றாய்க் கலந்திருக்கலாம். கணினி அறியாத அங்கத்தினரும் இதில் உதவ முடியும். அச்சிட்ட ஊர்வாரிப் பட்டியலில் தம் ஊரும் பெயரும் சரியாக உள்ளனவா என்று பார்த்துச் சொல்வது அவரவர் உரிமை, கடமையுமாகும். கோப்பைத் திருத்தும் வேலை கணக்கரைச் சேர்ந்தது. நம் பெயர் நம் விளைச்சலோடு நிற்கிறதா என்று கேட்கும் வேலை நம் எல்லாரையும் சேர்ந்தது.