வராத விமானமும் வந்த மின்னஞ்சலும்

கணினிக் காவல் – 9

2014 மார்ச் 8, சனிக்கிழமை அதிகாலை. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பிய எம்எச்370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. மறுநாள், அந்த விவகாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அரசு அதிகாரிகள் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. விமானம் கிடைத்துவிட்டதாகச் சொல்லும் செய்திக் கட்டுரை ஒன்று அதோடு இணைக்கப்பட்டிருந்தது. பார்வைக்குச் சாதாரண பி.டி.எஃப். கோப்பு. அந்த நேரத்தில் அதைத் திறக்காமல் இருக்க யாரால் முடியும்?

திறந்தார்கள். மலேசிய ஏர்லைன்ஸ், சிவில் விமானப் போக்குவரத்துத் துறை, தேசியப் பாதுகாப்பு மன்றம் ஆகியவற்றில் சுமார் 30 கணினிகள் பாதிக்கப்பட்டதாக, அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘சைபர்செக்யூரிட்டி மலேசியா’ தெரிவித்த தகவல் அவ்வாண்டு ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. கூட்டக் குறிப்புகளும் இரகசிய ஆவணங்களும் சீனாவிலிருந்த ஒரு கணினிக்குப் போயிருந்தன. வெளியே செல்லும் மின்னஞ்சல்கள் குவிந்து அலுவலக இணைப்பு திணறிய பிறகே சந்தேகம் வந்து, பாதிக்கப்பட்ட கணினிகளை அணைத்தார்கள். கணினி சீனாவில் இருந்தது என்பதற்காக, அதை இயக்கியவரும் அங்கேதான் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. பிறர் கணினியைக் கடத்தி, அதை இடைவழியாக்கிக்கொள்வது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

இப்படி உள்ளே வந்து, பின்னால் வருகிறவனுக்கு வழிவிட்டு உட்காரும் நிரலைத்தான் பின்கதவு என்கிறார்கள். அதே மார்ச் மாதத்தில், எம்எச்370 பெயர் தாங்கிய ஆவணத்துக்குள் ‘பாய்சன் ஐவி’ என்ற பழைய பின்கதவை மறைத்து அனுப்பிய ஒரு கும்பலையும் ஃபயர்ஐ நிறுவனம் கண்டுபிடித்தது.

கோப்பைச் சொடுக்கிய கணத்தில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். விண்டோஸ், கோப்புப் பெயரின் கடைசி ஒட்டைத் தானாகவே மறைத்துவிடும். ‘அறிக்கை.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று இருப்பது திரையில் ‘அறிக்கை.பிடிஎஃப்’ என்று மட்டும் தெரியும். பிடிஎஃப் கோப்புக்குரிய சிவப்பு நிறச் சின்னத்தையும் ஒட்டிவிட்டால் சந்தேகமே வராது. சொடுக்கியதும் பெரும்பாலும் உண்மையான ஓர் ஆவணமே திறக்கும். அதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது, நிரல் எவரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபோல்டருக்குள் தன்னை நகலெடுத்துக்கொள்ளும். கணினி ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் தானும் எழுந்துகொள்ளும்படி விண்டோஸ் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். பிறகு தன் எசமானனை அழைக்கும்.

அழைப்பு உள்ளிருந்து போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டு ரவுட்டரும் ஃபயர்வாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பை மறிப்பவை. உள்ளிருந்து போவதைப் பெரும்பாலும் விட்டுவிடும். பிரௌசர் பேசும் அதே வழியில் பின்கதவும் பேசுகிறது. ‘நல்ல ஃபயர்வால் போட்டிருக்கிறோம்’ என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

இதெல்லாம் அரசாங்க அலுவலகத்தில்தான் நடக்கும், சுங்கை பெசார் போன்ற சிற்றூரில் யார் கணினியை யார் திருடப் போகிறார்கள் என்று தோன்றலாம். நெல் வியாபாரிக்கும், செம்பனைக் குத்தகைக்காரருக்கும், தமிழ்ப்பள்ளி எழுத்தருக்கும் தினமும் வந்து விழும் இன்வாய்ஸ், டெலிவரி ஆர்டர், சுற்றறிக்கை எல்லாமே இதே வடிவில்தான் வருகின்றன. அவர்கள் கணினியில் வங்கிக் கடவுச்சொல் இருக்கிறது, தொழிலாளர்களின் அடையாள அட்டை நகல்கள் இருக்கின்றன. திருடனுக்கு அது போதும்.

நம் பக்கத்தில் அதைவிடப் பெரிய வாசல் திருட்டு மென்பொருள். விண்டோஸையும் ஆபிஸையும் பணம் கட்டாமல் இயக்கவைக்கும் ‘கிராக்’, தன்னைப் போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது. கணினி வைத்திருப்பவரே காவலை விலக்கி வரவேற்கிறார். அப்படிப்பட்ட ‘கேஎம்எஸ்பிகோ’வின் போலி நிறுவிகளுக்குள் கடவுச்சொல் திருடும் நிரல் ஒளிந்திருந்ததை 2021 டிசம்பரில் ரெட் கேனரி நிறுவனம் வெளிப்படுத்தியது.

தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலைய நிகழ்வு இன்னொரு பாடம். 2019 அக்டோபர் 29 அன்று, தாக்குதல் பற்றிய செய்தி பொய் என்று நிலையம் மறுத்தது. அடுத்த நாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் நச்சுநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4லேயே தகவல் வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. அணு உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. அந்த நிரல் ‘டிட்ராக்’ என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். மறைப்பதால் நட்டம் மற்றவர்களுக்குத்தான். அதே நிரல் அடுத்த கதவைத் தட்டும்போது அவர்கள் ஆயத்தமாக இருக்க மாட்டார்கள். ‘யாரிடமும் சொல்லாமல் ஃபார்மட் பண்ணிடுங்க’ என்று கடைக்காரரிடம் கெஞ்சும் அலுவலகமும் அதையேதான் செய்கிறது.

சரி, உங்கள் கணினியில் வந்துவிட்டது என்றால்? ஆன்டிவைரஸ் தானாக அணைந்து கிடப்பதும், யாரும் தொடாத நேரத்தில் இணையத்தில் தரவு போய்க்கொண்டே இருப்பதும் அறிகுறிகள். முதலில் இணைய வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். எசமானனோடு பேச்சு அறுந்தால் திருட்டு நிற்கும். அடுத்து கடவுச்சொற்கள்: முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி. இதை அந்தக் கணினியில் செய்யவே கூடாது. புதுக் கடவுச்சொல்லும் அப்படியே அவன் கைக்குப் போய்விடும். சுத்தமான வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ மாற்றுங்கள். மற்றக் கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் ‘லாக் அவுட்’ செய்யும் வசதியையும் மறக்காமல் அழுத்துங்கள்.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள டிஃபெண்டர் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. கணினி மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். நிரல் இயங்காத நேரத்தில் தேடுவதால் ஒளிந்துகொள்வது கடினம்.

பின்கதவு இருந்தது உறுதியானால், ஸ்கேன் முடிவில் வரும் பச்சைக் குறியோடு திருப்திப்படக் கூடாது என்பதே இத்தொடரின் கருத்து. உள்ளே இருந்தவன் வேறு என்னவெல்லாம் வைத்துவிட்டுப் போனான் என்று எந்த ஸ்கேனும் உறுதி தராது. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நிறுவிகளையும் கிராக்குகளையும் விட்டுவிட்டு, வட்டை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே சரி. அதற்கான பென்டிரைவை வேறு நல்ல கணினியில் தயாரிக்க வேண்டும்.

புகார் செய்ய, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி எண் 1-300-88-2999. வங்கிப் பணம் போயிருந்தால், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிக்கொண்டிருக்கும்.

கைப்பேசியில் இதே வேலை வேறு வேடத்தில் நடக்கிறது. வீடு துப்புரவு செய்ய ஆள் அனுப்புவதாகச் சொன்ன போலிச் செயலிகள், எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்ததையும், வங்கியின் குறுஞ்செய்திகளைத் திருடனுக்கு அனுப்பியதையும் ஈசெட் நிறுவனம் 2022 ஏப்ரலில் அம்பலப்படுத்தியது. புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் செயலிகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)