உழவர் திருநாளும் உழவரின் ஓய்வும்

விழுப்புரத்துக்கு அருகே பம்பையாற்றங்கரையில் உள்ள திருவாமாத்தூர், மூவர் பாடலும் பெற்ற பழம்பதி. கொம்பில்லாப் பசுக்கள் இறைவனை வழிபட்டுக் கொம்பு பெற்ற தலம் என்பது அதன் புராண வரலாறு. மாட்டையும் உழவையும் போற்றும் பொங்கல் விடுமுறைகளைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான ஊர் வேறில்லை.

பொங்கலின் மூன்றாம் நாளை உழவர் திருநாள் எனப் பெயரிட்டுத் தமிழ்நாட்டு சர்க்கார் பொது விடுமுறையாக அறிவித்து வருகின்றனர். அன்று காரியாலயங்களும் பாங்கிகளும் மூடப்படும். அதனால் உத்தியோகஸ்தர் எவருடைய சம்பளமும் குறைவதில்லை. ஆனால், எவருடைய பெயரால் இவ்விடுமுறை விடப்படுகிறதோ, அந்த வயற்கூலியாளின் நிலை யாது? நாட்டு நடவுக்கோ கதிர் அறுக்கவோ சென்றால் அன்றைக்குக் கூலி உண்டு, செல்லாவிடில் இல்லை. திருநாளன்று அவர் ஓய்ந்திருந்தால் அடுப்பும் ஓய்ந்திருக்கும்.

இவ்விபரீதத்தின் வேர் பழமையானது. நம் தேசத்தில் பொது விடுமுறைகளை அறிவிப்பதற்கு ஆதாரமாக நிற்பது 1881-ஆம் வருஷத்துச் செலாவணிப் பத்திரச் சட்டம். கடன்பத்திரத்தின் தவணை விடுமுறை நாளில் முடிவுற்றால், அதற்கு முந்திய வேலை நாளிலேயே பணம் செலுத்த வேண்டும் என்பது அதன் விதி. அதாவது, கடன்பத்திரத்தை நினைத்து எழுதப்பட்ட சட்டமேயன்றி, களைத்த உடலை நினைத்து எழுதப்பட்டதன்று.

தொழிலாளர் பொருட்டு 1958-இல் சென்னை ராஜ்யம் வேறொரு சட்டம் இயற்றியது. ஆலைகளிலும் கடைகளிலும் உழைப்போர்க்குத் தேசீயத் திருநாட்களிலும் வேறு சில பண்டிகைகளிலும் கூலியுடன் ஓய்வு கிடைத்தது. அந்நாளில் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி, அல்லது அன்றைக் கூலியுடன் மாற்று விடுமுறை கொடுத்தாக வேண்டும். மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் அது நெல் வயலின் வரப்பைத் தாண்டி உள்ளே வரவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் 1957-இல் விடுதலை பெற்ற கானா தேசத்தை நேயர்கள் நோக்குவாராக. 1983-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே மழை பொய்த்தது; காட்டுத் தீ பயிரை அழித்தது; பஞ்சம் வாட்டியது. அடுத்த போகத்தில் உழவர் உழைப்பால் நாடு மீண்டது. அந்த நன்றியை மறவாமல் 1985-இல் உழவர் தினத்தை ஏற்படுத்தினர். முதல் பரிசு இரண்டு வெட்டுக்கத்திகளும், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும், ஒரு ரேடியோவுமே. பரிசு சிறிதேனும், உழவனை மேடைக்கு அழைத்து அவன் கையிலேயே அளித்தனர்.

இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் வேலை வாங்காத நாளுக்கு எவ்வாறு கூலி கொடுப்பார் என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. அச்சுமையைச் சிறு விவசாயியின் தலையில் ஏற்றுமாறு நாம் கூறவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள், உழவர் திருநாளன்று மட்டும், பதிவு பெற்ற வயற்கூலியாளருக்குச் சர்க்காரே ஒரு நாட்கூலியை அளித்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாயத்தையும் தன் அட்டவணையில் சேர்த்துக் கொண்டது. வயலில் கூலியை நிர்ணயிக்க முன்வந்த சர்க்காருக்கு ஓய்வை நிர்ணயிப்பது அசாத்தியமாகாது.

திருவாமாத்தூர்ப் பசுக்கள் வேண்டியது அலங்காரத்தையன்று; தற்காப்புக்குரிய கொம்பையே வேண்டின. உழவனுக்கும் வேண்டுவது பெயரளவில் ஒரு திருநாள் அன்று. அன்றைக் கூலியே ஆகும்.