உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரில் மிதக்கும் ஜீப் டிரெய்லர்!

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ ஜீப்புகள் இழுத்துச் சென்ற கால் டன் டிரெய்லர், சரக்கோடு தண்ணீரில் மிதக்கும்!

• மிதப்பதற்காகவே தொட்டி நீர் புகாதபடி செய்யப்பட்டது. உள்ளே தேங்கும் மழைநீரை வெளியேற்றத் தரையில் வடிகால் மூடிகள் உண்டு. பழையதை வாங்குபவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது. துரு அங்கேதான் பிடிக்கும்.

• டயர் ஜீப்பின் அளவே. ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் போதும்.

• என்ஜின் இல்லாவிட்டாலும், 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே! ராணுவ ஏலத்தில் எடுத்ததை ரோட்டில் இழுக்க ஆர்.டி.ஓ. பதிவு வேண்டும். பொள்ளாச்சி என்றால் டிஎன் 41, மேட்டுப்பாளையம் என்றால் டிஎன் 40.

• டிரெய்லரில் இரண்டு எண்கள் இருக்க வேண்டும்: அதன் சொந்த எண், இழுக்கும் வண்டியின் எண்.