செரியபாணி என்னும் விரைவுக் கப்பல்

மாணவர்களே, நம் ஆலங்குளம் கரிசல் சூழ்ந்த ஊர். பருத்தியையும் சுண்ணாம்புக்கல்லையும் அறிந்த அளவிற்குக் கடலை நாம் அறியோம். ஆயினும், முன்னாளில் இராமநாதபுரம் மாவட்டத்துள் அடங்கியிருந்த இப்பகுதியினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்கள் பல. ஆதலின் ஈழத்திற்குச் செல்லும் கப்பலைப் பற்றிய செய்தி நமக்கு அயலார் செய்தியன்று.

1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னையில் இரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு சென்றனர். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்தினின்று 'இராமானுஜம்' என்னும் கப்பல் ஓடிற்று. அவ்வாண்டே இரு நாட்டு அரசுகளும் செய்த உடன்படிக்கையின்படி, தாம் பிறந்த மலைநாட்டை விட்டுத் தாயகம் திரும்பியோர் பலரைச் சுமந்து வந்தது அக்கப்பலே. வந்தவருள் பலர் அதற்குமுன் இந்நாட்டைக் கண்டிலர். 1980களில் இலங்கையில் போர் மூள, அவ்வழியும் அடைபட்டது.

நாற்பதாண்டுகள் கழிந்தன. 2023 அக்டோபர் 14 ஆம் நாள் நாகப்பட்டினத்தினின்று யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கு ஒரு விரைவுக் கப்பல் புறப்பட்டது. அதன் பெயர் செரியபாணி. இலட்சத்தீவுக் கடலிலுள்ள ஒரு பவளத்திட்டின் பெயரே அது. இலட்சத்தீவு மக்களின் போக்குவரத்திற்கென அமைந்த அக்கலம், கொச்சியினின்று நாகைக்குக் கொணரப்பட்டது. 150 பேர் அமரலாம். இந்தியக் கப்பற் கழகம் அதனை இயக்கிற்று. அதன் வருகைக்கென நாகைத் துறைமுகம் தூர்வாரி ஆழப்படுத்தப்பட்டது.

இரு துறைகளுக்கும் இடையே 60 கடல் மைல்; அஃதாவது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அதனை மூன்றரை மணியில் கடத்தல் வேண்டும். மணிக்கு 32 கிலோமீட்டர் அளவான இவ்வேகம் பேருந்தேறிப் பழகிய நமக்குச் சிறிதாகவே தோன்றும். நீரிலோ நிலைமை வேறு. கப்பல் விரைய விரைய, அதன் முன்னே எழும் அலையே அதனைத் தடுத்து நிற்கும். வேகத்தை இருமடங்காக்க வேண்டின், பொறியின் ஆற்றலை ஏறத்தாழ எட்டு மடங்காக்க வேண்டும். எண்ணெய்ச் செலவும் அதற்கேற்ப மிகும். இதனாலேயே விரைவுக் கலங்களை இலேசாகக் கட்டுவர்; பெருஞ்சரக்கு ஏற்றார். சில நாடுகளில் ஒல்லியான இரண்டு உடல்களை இணைத்து ஒரே கப்பலாக்குவர். அவ்வகைக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர் நம் 'கட்டுமரம்' என்னும் சொல்லின் திரிபேயாம். நம் மீனவர் கட்டிய மரத்திற்கு இரண்டு உடல் இல்லை என்பது வேறு செய்தி. சொல் கடல் கடந்ததும் பொருள் சற்றே மாறிவிட்டது.

இலேசான கலத்திற்கு ஒரு குறையுண்டு. அலை உயர்ந்தால் அது துள்ளும், உள்ளிருப்போர் துன்புறுவர். வேகத்தைக் குறைத்தல் வேண்டும். மிகின் கரையிலேயே நிற்றல் வேண்டும்.

முதல் நாளில் 50 பேர் சென்றனர். மறுநாளே, போதிய அளவு பயணிகள் பதிவு செய்யாமையால், பயணம் கைவிடப்பட்டது. வரியும் சேர்ந்து ஒருவழிக் கட்டணம் 7,670 ரூபாய். உறவினரைக் காணவோ கோயிலுக்கோ செல்லும் எளிய குடும்பத்தில் நால்வர் போய்வரின் அறுபதாயிரத்தைக் கடக்கும். அன்றியும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் அது. அக்கடலைச் சிறுவர் முதல் அறிந்த நாகை மீனவரைக் கேட்டிருப்பின், ஐப்பசியில் புதுக்கலம் இறக்கச் சொல்லியிருப்பரோ என்பது என் ஐயம். அக்டோபர் 20 ஆம் நாளோடு சேவை நின்றது. அவ்வழியில் செரியபாணியின் வாழ்நாள் ஒரு கிழமையே.

அஃது ஓடிய தடம் அழியவில்லை. 2024 ஆகஸ்டு 16 ஆம் நாள், 'சிவகங்கை' என்னும் பெயரிய மற்றொரு கப்பலைத் தனியார் நிறுவனமொன்று அதே துறைகளுக்கிடையே இயக்கத் தொடங்கிற்று. அவ்வாண்டுப் பருவமழையில் அதுவும் நின்றது; 2025 பிப்ரவரியில், கடல் தணிந்தபின், மீண்டும் புறப்பட்டது.