சிறுகுடலைத் தப்பிய சோறு
இலையும் இரைப்பையும் – 9

கன்னடியன் கால்வாய் பாயும் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வட்டாரத்தில் வயலுக்குப் போகிறவர்களின் காலைச் சாப்பாடு வெகுகாலம் பழையசோறுதான். இரவு மிஞ்சிய புழுங்கலரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர் விட்டுப் பிசைந்து, கடித்துக்கொள்ளச் சின்ன உள்ளி. ‘வயிற்றுக்குக் குளிர்ச்சி’ என்பார்கள். அந்தச் சோற்றில் செரிக்காமல் போகும் பங்கு ஒன்று உண்டு. அதற்கும் வேலை இருக்கிறது என்று காட்டிய ஆய்வு வேலூரிலிருந்து வந்தது. அதுவும் காலராவுக்கு மருந்து தேடப் போய்.

காலரா நோயாளியின் உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல். சிறுகுடல் குளூக்கோஸை உறிஞ்சும்போது சோடியமும் கூடவே உள்ளே போகிறது. அதைத் தொடர்ந்து தண்ணீரும். ஆனால் கரைசல் இழந்த நீரை ஈடுகட்டுமே ஒழிய, பேதியைக் குறைக்காது. நீரை உறிஞ்சும் திறன் பெருங்குடலுக்கும் நிறைய உண்டு. குளூக்கோஸோ அதுவரை போய்ச் சேராது.

அப்படியானால் பெருங்குடல்வரை போகும் மாவுச்சத்தைக் கொடுத்தால் என்ன? வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குடல்நோய் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும், அமெரிக்காவின் ஹென்றி பைண்டர், ஆஸ்திரேலியாவின் கிரேம் யங் ஆகியோருடன் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். 48 காலரா நோயாளிகள், மூன்று பிரிவுகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல். இன்னொன்றுக்கு அதோடு அரிசி மாவு. மூன்றாவதற்கு, எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து லிட்டருக்கு 50 கிராம்.

முடிவு 2000ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி சராசரியாக 91 மணி நேரம் நீடித்தது. மக்காச்சோள மாவுச்சத்து சேர்த்துக் குடித்தவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. அரிசி மாவுப் பிரிவு இரண்டுக்கும் நடுவில்.

காரணம் பெருங்குடலின் நுண்ணுயிரிகள். செரிக்காமல் வந்த மாவுச்சத்தை அவை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. இவற்றை உறிஞ்சும்போது பெருங்குடல் சோடியத்தையும் நீரையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. காலரா நஞ்சால் இந்த வழியை அடைக்க முடிவதில்லை. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருளும் பியூட்டிரேட்தான்.

இனி சோற்றுக்கு வருவோம். அரிசி வேகும்போது மாவுச்சத்தின் இழைகள் பிரிந்து இளகுகின்றன. ஆறியதும், குறிப்பாக அமைலோஸ் இழைகள், மறுபடி நெருங்கி இறுகுகின்றன. அப்படி இறுகிய பகுதியைச் சிறுகுடலின் நொதிகளால் எளிதில் உடைக்க முடியாது. எனவே சுடுசோற்றைவிட ஆறிய சோற்றில் இந்தப் பங்கு கூடுதல். எவ்வளவு கூடும் என்பது நெல் ரகத்தையும் சமைக்கும் முறையையும் பொறுத்தது.

இதை வைத்து ‘பழையசோற்றின் பெருமையை வேலூர் நிரூபித்துவிட்டது’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அங்கே கொடுத்தது மக்காச்சோள மாவுச்சத்து, அதுவும் நிறைய. சோற்றில் கிடைப்பது அதைவிடக் குறைவு. தவிர, பழையசோறும் சோறுதான். சர்க்கரை நோயாளி அளவு பார்த்தே உண்ண வேண்டும். இரவு முழுக்க வெளியில் இருந்த சோற்றில் கெட்ட வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

வேலூர் ஆய்வு மாற்றியது நம் கணக்கை. செரித்தது மட்டுமே உடலுக்குச் சேரும் என்று நினைத்திருந்தோம். செரிக்காததும் சேர்கிறது, நுண்ணுயிரிகள் வழியாக. என்ன சாப்பிட்டோம் என்பதோடு, அதில் எவ்வளவு பெருங்குடல்வரை போனது என்றும் இனிக் கேட்க வேண்டும்.

(அடுத்த வாரம்: எவரெஸ்ட் ஏறப் போன அறுவை மருத்துவர் சாமர்வெல், நெய்யூரில் எதிர்கொண்ட குடல்புண்)