கூரையில் இறங்கிய விண்துகள்

வால்விண்மீன்கள் சிதறுவதாலும் சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதுவதாலும் தோன்றும் நுண்துகள்கள் இடையறாது புவியில் விழுந்துகொண்டிருக்கின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,200 டன் விண்துகள் தரையை அடைவதாக, அண்டார்க்டிகாவின் கான்கார்டியா நிலையத்திற்கு அருகே பனியைத் திரட்டி ஆராய்ந்தோர் 2021ஆம் ஆண்டு கணித்தனர். இத்துகள்கள் நுண்விண்கற்கள் எனப்படும்.

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த சேலஞ்சர் கப்பல், ஆழ்கடல் படிவுகளை அள்ளி வந்தது. அவற்றிலிருந்து ஜான் முர்ரே என்னும் அறிஞர் காந்தத்தின் உதவியால் விண்ணுக்குரிய கருநிற உருண்டைகளைப் பிரித்தெடுத்தார். அதன்பின் ஆழ்கடலும் துருவப் பனியுமே இத்தேடலின் முதன்மைக் களங்களாயின. நகரத்திலும் விண்துகள் விழுகிறது. ஆயினும், ஆலைப்புகையும் பற்றவைப்புப் பொறியும் வாணவேடிக்கையும் அதே வடிவில் எண்ணற்ற உருண்டைகளை உண்டாக்குகின்றன. ஆகவே, அங்குத் தேடுவது வீண்முயற்சி என்றே அறிஞர் பலரும் கருதினர்.

நார்வே நாட்டு ஜாஸ் இசைக்கலைஞர் யோன் லார்சன் அவ்வாறு கருதவில்லை. 2009ஆம் ஆண்டு தம் வீட்டு மேசைமீது மின்னிய கருந்துகள் ஒன்று அவர் ஆர்வத்தைத் தூண்டியது. கூரைகளின் மழைநீர் வடிகால்களில் படிந்த வண்டலை அவர் திரட்டினார். கழுவி, சலித்து, காந்தத்தால் பிரித்து, நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். விண்துகளைத் தேடும்போதே, அதனைப் போலத் தோன்றும் மண்ணுலகத் துகள்களையும் வகைப்படுத்திப் பட்டியலிட்டார். போலிகளை அறிந்தாலன்றி உண்மையைப் பிரித்தறிய இயலாது அன்றோ?

உருண்டை வடிவமும் காந்த ஈர்ப்பும் மட்டும் சான்றாகா. விண்துகள் வளிமண்டலத்தில் நொடிக்குப் 11 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் நுழைந்து, வெப்பத்தால் உருகி, விரைந்து உறைகிறது. அதனால் ஆலிவின் படிகங்கள் இணைகோடுகளாகவும், மேக்னடைட் படிகங்கள் கிளைவிட்ட மரங்களாகவும் அதில் அமைகின்றன. சிலவற்றில் நிக்கல் கலந்த இரும்புமணியும் காணப்படும். வேதியியல் இயைபு விண்கற்களோடு ஒத்திருப்பின் ஐயம் நீங்கும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ கெஞ்ச் தொடக்கத்தில் ஐயுற்றார், ஆய்ந்தபின் ஏற்றுக்கொண்டார். ஏறத்தாழ 300 கிலோகிராம் கூரை வண்டலிலிருந்து 500 நுண்விண்கற்கள் கண்டறியப்பட்ட செய்தியை இருவரும் பிற அறிஞர்களுடன் இணைந்து 2017ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். அவை பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவின.

கடலடித் துகள்கள் எப்போது விழுந்தன என்பதை எளிதில் கூற இயலாது. கூரைத் துகளின் காலமோ அக்கட்டடத்தின் வயதைத் தாண்டாது. எனவே, நம் காலத்தில் புவியில் விழும் விண்துகளின் தன்மையை அறிய அவை துணைசெய்கின்றன. பயனற்றதென ஒதுக்கப்பட்ட கூரைப் புழுதி, பொறுமையுடன் பிரித்தறிந்த ஒருவரால் ஆய்வுக்களமாயிற்று.