நீல்கண்ட் என்னும் பனங்காடை

வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவர், விஜயதசமியன்று 'நீல்கண்ட்' பறவையைக் காண்பது மங்களம் என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்டிருப்பர். அது நமக்குப் புதிய பறவை அன்று. நம் ஊர்ப்புறங்களில் பனங்காடை என்று வழங்கும் பறவையே அது. தெலுங்கர் அதனைப் பாலபிட்ட என்பர். ஒடிசா, கருநாடகம், தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்கள் அதனைத் தம் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளன.

பெயரை நம்பி நீலக் கழுத்தைத் தேடுவோர் ஏமாறுவர். பனங்காடையின் கழுத்தும் மார்பும் வெண்கோடுகள் ஓடிய பழுப்பு நிறமுடையவை. புறாவினும் சற்றுச் சிறிய இப்பறவை, அமர்ந்திருக்கையில் நம் கண்ணை அவ்வளவாகக் கவர்வதில்லை. சிறகை விரித்தால்தான் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஒளிரும். நீலச் சிறகுடைய வெண்மார்பு மீன்கொத்தியோடு இதனை மயங்குவதும் உண்டு. மீன்கொத்திக்கு நீண்ட சிவந்த அலகும் வெள்ளை மார்பும் உள்ளமை கொண்டு வேறுபாடு அறியலாம்.

ஈராக் முதல் இந்தியா, இலங்கை வரை பரவியுள்ள இப்பறவை, அடர்ந்த காட்டை விட்டுத் திறந்த வெளியையே நாடும். மின்கம்பியிலோ பட்ட மரத்திலோ அமர்ந்து தரையை நோக்கியிருந்து, வெட்டுக்கிளி, வண்டு, சிறு ஓணான் ஆகியவற்றைப் பாய்ந்து பற்றும். உழவர்க்கு அது நண்பன். இணைதேடும் காலத்தில் ஆண்பறவை உயர எழுந்து, கரகரத்த குரலுடன் புரண்டு புரண்டு கீழிறங்கும். மரப்பொந்திலும் பட்ட பனையின் பொந்திலும் வெண்முட்டைகளை இட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

இத்தகைய பறவைக்கு அதன் புகழே பகையாயிற்று. தசரா நாளில் காட்டிக் காசு பெறுதற்பொருட்டு, சிலர் அதனை முன்கூட்டியே பிடித்து, கால்களைக் கட்டி, சிறகை வெட்டிக் கூண்டில் அடைக்கின்றனர். உணவின்றி வாடும் பறவைகளில் பல மடிகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றமாகும். நாட்டில் இப்பறவையின் தொகை குறைந்து வருவதையும் 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை எடுத்துக்காட்டியுள்ளது.

ஆகவே, வாயிலில் கூண்டோடு வருவோர்க்கு நாம் காசு கொடாதிருப்போமாக. வனத்துறைக்குச் செய்தி தருவோமாக. ஊர்ப்புறத்து மின்கம்பிகளை அண்ணாந்து நோக்கினால், நம் ஊர்ப் பனங்காடையை அங்கேயே கண்டு மகிழலாம்.